இருநூறு சாக்கும் நாலு நிற நூலும்

சாக்குகளைத் திருப்பிப் போட்டது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அதனால் இதை எழுதும்போதும் அந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு காலத்தில் அரிசி மூட்டை அடுக்கிய பழைய கிடங்கு ஒன்று இருக்கிறது. அதில் பாதியைப் பதினாலு பெண்கள் சங்கமாகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். எட்டுப் பேர் மலையாளிகள். ஆறு பேர் எங்களைப் போல, தாத்தா காலத்திலேயே இங்கு வந்து தங்கிவிட்ட தமிழ் வீட்டுக்காரர்கள். மற்றவர்கள் எல்லாரும் சுக்கைத் தரம் பிரிப்பார்கள். நான் சாக்கு தைப்பேன். ஊசி பிடித்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.

நான் நாலாம் வகுப்பு வரை தமிழ் படித்தேன். மலையாளம் காதில் ஏறியது, கண்ணில் ஏறவில்லை. பேசினால் புரியும், பதிலும் சொல்வேன். எழுத்தாகப் பார்த்தால் முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி இருக்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வெளியாள் யார் வந்தாலும் எனக்குப் பேச்சு வராது. கிடங்கின் ஓரத்தில் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்போம். அதன் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தேன். புதிய செருப்புச் சத்தம் கேட்டால் ஊசியும் சணலுமாக அங்கே போய்விடுவேன்.

"போ, உன் கோட்டைக்குள்ள போ. ராஜா வந்தா கூப்பிடறேன்" என்பாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சுக்கு பொறுக்கும் தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் தெருவிலேயே இருப்பவள். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். அவளுக்கு வாய் ஓயாது. என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள் என்று எல்லாரும் சொல்வார்கள்.

முன்பு நாங்கள் ஒரு பெரிய முதலாளியிடம் கூலிக்கு இருந்தோம். வெளிநாட்டு மிளகும் சுக்கும் கப்பலில் வந்து இறங்க ஆரம்பித்த பிறகு அவருக்கு உள்ளூர்ச் சரக்கில் மனசு போய்விட்டது. பஜாரில் எல்லாரும் ஒப்பந்தம் ஒப்பந்தம் என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். நாடும் நாடும் கையெழுத்துப் போட்டுக்கொண்டதில் நம் வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்பார்கள். எனக்கும் அந்தச் சொல் என்றால் ஏதோ வியாதியின் பெயர் மாதிரிதான் இருந்தது.

அதனால் எங்கள் செயலாளர் ஒருநாள் வந்து, அதே மாதிரி ஒரு ஒப்பந்தத்தால் நமக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்றபோது யாரும் நம்பவில்லை. செயலாளர் முன்பு அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைச் சேச்சி என்பார். வங்காள தேசத்தில் ஒரு வியாபாரி எங்கள் சுக்கின் மாதிரியைப் பார்த்துப் பிடித்துப்போய் இருநூறு சாக்கு கேட்டிருக்கிறார். நம் பக்கத்து நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாட்டில், ஒரு நாட்டில் விளைந்த பொருள் இன்னொரு நாட்டுக்குப் போனால் அங்கே வரி குறையுமாம். ஆனால் இங்கேதான் விளைந்தது என்று அரசாங்க ஆபீசர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜென்ட் சேட்டன் அதை ஒரிஜின் பேப்பர் என்பார். கப்பல் காகிதங்களையெல்லாம் எங்களுக்காக அலைந்து திரிந்து வாங்குபவர் அவர்தான். அந்தத் தாள் இல்லாவிட்டால் அங்கே நம் சுக்கின் விலை ஏறிவிடும், வியாபாரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

"எனக்கு இதொண்ணும் தலையில ஏறல டீச்சர்" என்றேன்.

தங்கச்சிதான் விளக்கினாள். "நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு கறி கொடுத்து வாங்கிக்கறோம்ல, அதேதான். அவங்க வெச்சது நமக்கு, நாம வெச்சது அவங்களுக்கு. ஆனா ஹோட்டல்ல மீன்கறி வாங்கிட்டு வந்து நம்ம சட்டியில ஊத்தி, இது நான் வெச்சதுன்னு கொடுக்கப்படாது. அவ்வளவுதான் கேட்டியா."

டீச்சர் சிரித்துவிட்டு, இதைவிட நன்றாக எனக்கும் சொல்லத் தெரியாது என்றார்.

சங்கத்தின் சொந்தப் பெயரில் கடல் தாண்டிப் போகிற முதல் சரக்கு அது. மலையில் இஞ்சி போடும் விவசாயிகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து எங்களுக்குச் சுக்கு தந்தார்கள். நாலு சின்ன லாரியில் நாலு நாளாக வந்து இறங்கியது. மாசி மாத வெயில். கிடங்கு முழுக்கக் காரமும் மண்வாசனையும் கலந்த நெடி. மூக்கைத் துடைத்துக்கொண்டேதான் வேலை செய்தோம்.

ஒவ்வொரு லாரிச் சரக்கையும் தனித்தனியாகக் கொட்டி, தனித்தனியாகப் பொறுக்கி, தனித்தனியாக மூட்டை கட்டச் சொன்னேன். ஒரு லாரியில் ஈரம் இருந்தால் மற்றதும் கெட்டுப்போகும் என்பது எனக்குத் தெரியும். எது எந்த லாரி என்று மற்றவர்கள் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நான் என்ன செய்வேன். முதல் லாரிக்குச் சிவப்பு நூல், இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்குப் பச்சை, நாலாவதுக்கு மஞ்சள் என்று வைத்துக்கொண்டேன். சாக்கின் வாயைச் சணலால் தைத்து முடித்ததும் வலது மூலையில் அந்த நிற நூலால் மூன்று தையல் போட்டு முடிச்சிடுவேன். லாரியோடு மலையிலிருந்து வந்த சீட்டிலும் ஊசியால் ஒரு துளை போட்டு அதே நூலைக் கட்டிவிடுவேன். சீட்டுகள் டீச்சர் மேசைக்கு மேலே கம்பியில் தொங்கும். ஏதாவது கேள்வி வந்தால் நிறத்தைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டலாம், படிக்கத் தெரியாதது வெளியே தெரியாது. இந்தப் பழக்கம் முதலாளி காலத்திலிருந்தே எனக்கு உண்டு.

"சாக்குக்கெல்லாம் ரிப்பன் கட்டி ஸ்கூலுக்கு அனுப்பறா" என்று தங்கச்சி கேலி செய்வாள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இந்த ஆர்டருக்கென்று வந்த புதுச் சாக்குகளில் எண்ணெய் வாடை அடித்தது. சுக்கு எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். தோப்பும்படியில் வாடையில்லாத நல்ல சாக்கு விற்கும் ஒரு வியாபாரி இருந்தார்; ஆனால் பெரிய கட்டாக வாங்கினால்தான் கொடுப்பார் என்று விட்டுவிட்டோம். உனக்குத் தெரிந்த இடத்தில் நல்லதாகப் பார்த்து வாங்கு என்று டீச்சர் என்னிடம் விட்டார். பஜாரின் பழைய சாக்குக் கடையில் கெட்டியான இருநூறு சாக்கு கிடைத்தது. களமசேரிப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு எண்ணெய் எடுக்க ஆப்பிரிக்காவிலிருந்து சுக்கு வருகிறது. அது வந்த சாக்கு. சுக்கு இருந்த சாக்கில் சுக்கு போனால் வாடைக்குப் பயமில்லை. தட்டி, உதறி, இரண்டு நாள் வெயிலில் போட்டேன். வெளிப்பக்கம் பச்சை மையில் அந்த நாட்டு எழுத்து பெரிதாக இருந்தது. நம் சங்கத்தின் முதல் சரக்கு, வேறு யாருடைய எழுத்தையோ நெற்றியில் போட்டுக்கொண்டு போவதா என்று தோன்றியது. எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஓரம் மடித்துத் தைத்தேன். துப்புரவான அந்த முகத்தில் எங்கள் சங்கத்தின் பெயரை அச்சுத் தகட்டில் மை தடவிப் போட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பஜாரில் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். அதில் ஒரு கெடுதல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் முதல் தடவை அனுப்புகிறவர்கள் என்பதால் ஆபீசர் நேரில் பார்க்க வந்தார். மறுநாள் மாலை கண்டெய்னர் லாரி வருவதாக இருந்தது. காலை பத்து மணி இருக்கும். நான் வழக்கம்போல அடுக்குக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தேன். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஒரு சந்து உண்டு. அதில் பார்த்தால் எல்லாம் தெரியும். ஆபீசர் சின்ன வயதுக்காரர், அமைதியான ஆள். அவர் பேசியது மலையாளம். என் நினைவில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

ஒரு சாக்கைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தார்கள். கையை விட்டுச் சுக்கை அள்ளி முகர்ந்தார், தலையாட்டினார். பிறகு சாக்கின் வாயைப் பிடித்து வெளிப்பக்கமாக மடித்தார்.

பச்சை எழுத்து வெளியே வந்தது.

அவர் இன்னும் கொஞ்சம் மடித்தார். முழு எழுத்தும் தெரிந்தது. இன்னொரு சாக்கு பிரிக்கச் சொன்னார். அதிலும் அதே எழுத்து. 

"இது வேற நாட்டுச் சரக்கோட சாக்கு. எழுத்தை மறைச்சுத் திருப்பித் தெச்சிருக்கு. இது இங்க விளைஞ்சதுன்னு நான் எப்படி டீச்சர் எழுதித் தர்றது?"

"சரக்கு நம்மதுதான் சார்."

"அப்ப மறைக்க வேண்டிய அவசியம் என்ன? இதைச் செய்யச் சொன்னது யாரு?"

ஏஜென்ட் சேட்டன் எங்களைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் சொன்னார்: "நான்தான் சார் சொன்னேன்."

"நீங்கதான் எல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. இதுல பொய் இருக்குன்னு தெரிஞ்சா இந்தச் சரக்கு மட்டும் இல்ல, அப்புறம் உங்க சங்கமே எதுவும் அனுப்ப முடியாது."

டீச்சரின் கழுத்து பின்னாலிருந்து தெரிந்தது. வேர்த்திருந்தது. அவர் எனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. சேச்சியால் பேச முடியாது, அவளை இழுத்து விடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். பதினாலு பேரின் வேலை, மலையில் நம்பிச் சரக்குத் தந்தவர்கள், டீச்சரின் பேர், எல்லாம் என் ஊசி முனையில் வந்து நின்றது.

எழுந்தேன் என்று எழுதுவதற்கு ஒரு சொல்தான் ஆகிறது. அன்று ஸ்டூலிலிருந்து அடுக்கைச் சுற்றி வெளியே வர எத்தனை நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கையில் ஊசி அப்படியே இருந்தது.

"திருப்பினது நான். டீச்சருக்குத் தெரியாது" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். தங்கச்சியின் மடியிலிருந்த முறம் நழுவியது.

"எதுக்காகத் திருப்பினீங்க அம்மா?" என்று ஆபீசர் கேட்டார்.

"அழகுக்கு சார்."

அவர் மடித்த சாக்கை மறுபடி பார்த்தார். நான் நிறுத்தியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் திறந்த வாய் மூடவில்லை. "சட்டி அடுத்த வீட்டுது சார், கறி எங்க வீட்டுது. சட்டியில அவங்க பேரு இருந்துச்சு, அது தெரியாம இருக்கட்டும்னு திருப்பிட்டேன். அது தப்புன்னு இப்பத்தான் தெரியுது. ஆனா கறியை நீங்க பார்க்கலாம்."

அவருக்குச் சட்டிக் கதை தெரியாது. ஆனாலும் அவர் முகம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. "எப்படிப் பார்க்கறது?"

பிரித்த சாக்கிலிருந்து ஒரு சுக்கை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆப்பிரிக்கச் சுக்கு சீக்கிரம் காய வேண்டும் என்று நீளவாக்கில் பிளந்து வரும். நம் மலைச் சுக்கு பிளக்காமல், விரல் விரலாக முழுசாக இருக்கும். மூங்கில் சீவலால் மேல்தோலைச் சுரண்டுவார்கள். இரும்பு பட்டால் கறுத்துவிடும். விரலிடுக்கில் மூங்கில் போகாது, அங்கே தோல் அப்படியே நிற்கும். இதையெல்லாம் சொல்லி, அந்தத் தோலைத் தொட்டுக் காட்டினேன்.

"மேல இருக்கிற ரெண்டு சாக்குல நல்லது வெச்சுட்டு அடியில வேற வைக்கலாம்ல?" என்றார். கேட்டது நியாயம்தான்.

"அப்ப அடியிலேயே எடுங்க சார். எதை வேணும்னாலும் காட்டுங்க. அது எந்த லாரியில வந்துச்சுன்னு நான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார். கீழ்வரிசையில் மூலையில் இருந்த ஒரு சாக்கைக் காலால் தொட்டுக் காட்டினார். நாலு பேர் சேர்ந்து மேலே இருந்ததை இறக்கினார்கள். மூலையில் பச்சை நூல்.

"மூணாவது லாரி" என்றேன். கம்பியிலிருந்து பச்சை நூல் கட்டிய சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். அதில் எழுதியிருப்பதை எனக்குப் படிக்கத் தெரியாது. அவர் படித்தார். ஊர்ப் பெயர், லாரி நம்பர், தேதி, அந்த விவசாயிகள் கூட்டத்தின் முத்திரை எல்லாம் அதில் இருந்ததாம். வெளியே போய் அந்தக் கூட்டத்துக்குப் போன் போட்டுப் பேசினார். திரும்பி வந்து இன்னொரு சாக்கைக் காட்டினார். மஞ்சள். இன்னொன்று. சிவப்பு. பத்துச் சாக்கு ஆனது. பத்தையும் தரையில் கொட்டச் சொல்லிக் கிளறிப் பார்த்தார். பிளந்த சுக்கு ஒன்றுகூட இல்லை.

ஏழாவது சாக்கிலேயே தங்கச்சிக்கு நாக்கு திரும்பிவிட்டது. "சார், அக்கா சாக்கு தைக்கிறது மட்டும் இல்ல. கேட்டா அதுங்களுக்கு ஜாதகமே சொல்லுவா."

முதலில் சிரித்தது ஆபீசர்தான்.

"இந்த நூல் வைக்கணும்னு உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

பொய் சொல்ல வரவில்லை. "மலையாளம் படிக்கத் தெரியாது சார். அதனால வெச்சுக்கிட்டேன்." அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னேன். சொன்ன பிறகு, இத்தனை வருஷமாக இதையா மறைத்தேன் என்றிருந்தது.

அவர் சீட்டுகளைத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். "சரக்கு உங்களுதுன்னு எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. ஆனா வேற நாட்டு எழுத்து இருக்கிற சாக்கோட நான் விட்டா, அந்தக் கரையில பிடிச்சு நிறுத்திடுவாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. சாக்கு மாத்தணும். நாளைக்குக் காலையில வர்றேன்."

இருநூறு சாக்கு, ஒரு பகல். ஏஜென்ட் சேட்டன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தோப்பும்படிக்கு நான் போறேன், கட்டு பெரிசோ சின்னதோ எடுத்துட்டு வர்றேன்" என்று ஆட்டோ பிடித்தார். காலையில் வாயைத் திறக்காததற்கு அவர் செய்த பரிகாரம் அது என்று வைத்துக்கொண்டோம். அவர் வருவதற்குள் நாங்கள் பழைய சாக்குகளைப் பிரிக்க ஆரம்பித்தோம். நிறம் மாறக் கூடாது. சிவப்பு முடிந்த பிறகே நீலம். கிடங்கின் நாலு மூலையில் நாலு குவியல். நான் நடுவில் நின்று, "அது நீலம், அங்க போடாத, இங்க, இங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சத்தம் போட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"டீச்சர், அக்காவுக்கு மைக் கொடுங்க" என்றாள் தங்கச்சி.

"நீ முறத்தப் பிடி" என்றேன்.

அன்று பகல் மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் டீச்சர் வீட்டிலிருந்து வந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டோம். ஊசி பிடிக்கத் தெரியாதவர்களும் அன்று பிடித்தார்கள். எட்டுப் பேர் வாய் தைக்க, நான் மூலையில் மூன்று தையல், முடிச்சு, அடுத்தது. வெயில் இறங்கும்போது இருநூறாவது சாக்கின் மூலையில் மஞ்சள் நூலை இழுத்து முடிச்சிட்டேன். என் கட்டைவிரலில் ரத்தம் கட்டியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இல்லை.

மறுநாள் காலை ஆபீசர் வந்தார். சாக்குகளை மடித்துப் பார்த்தார், உள்ளே வெறும் சணல், வெளியே எங்கள் சங்கத்தின் பெயர் மட்டும். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு டீச்சர் மேசையில் உட்கார்ந்து அந்தத் தாளில் எதையோ சேர்த்து எழுதச் சொன்னார். சாக்குகளை எப்படி அடையாளம் காண்பது என்று எழுத அதில் ஒரு கட்டம் உண்டாம். டீச்சர் எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். சங்கத்தின் பெயர், அதன் கீழே, வலது மூலையில் நிற நூல், சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்.

"எங்க டீச்சர்? எந்த இடத்துல?" என்று கேட்டேன்.

விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு அதுவும் தெரியாது. ஆனால் விரலை எடுக்க மனசு வரவில்லை. ஆபீசர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். நம்மிடம் வந்து இறங்கிய ஒப்பந்தங்களை மட்டும்தான் அதுவரை நான் பார்த்திருந்தேன். இது நம்மிடமிருந்து போகிறது. என் தையலையும் எடுத்துக்கொண்டு போகிறது.

மாலை கண்டெய்னர் வந்தது. ஏற்றும் ஆட்கள் ஒவ்வொரு சாக்காக முதுகில் தூக்கிப் போனார்கள். சிவப்பு போனது, நீலம் போனது. லாரிக் கதவை மூடிப் பூட்டும்போது பதினாலு பேரும் ரோட்டில் நின்றோம். எதிர்க்கடைக்காரர்கள் வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்கள். தங்கச்சி எல்லாருக்கும் முதலிலிருந்து சொன்னாள். அவள் சொன்னதில் ஆபீசர் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார்.

சரக்கு அந்தக் கரையில் தடையில்லாமல் இறங்கிவிட்டது, அடுத்த பருவத்துக்கும் வேண்டும் என்று பிறகு செய்தி வந்தது. நூலோடு வேண்டும் என்று சொல்லியிருந்தாராம் அந்த வியாபாரி. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த மாலைதான்.

லாரி போனதும் உள்ளே வந்தோம். பக்கத்துக் கடையிலிருந்து சாயா வந்தது. கொண்டுவந்தவர் புதிய ஆள். பழக்கத்தில் என் கால் ஓரத்துப் பக்கம் போனது. அங்கே அடுக்கு இல்லை. கிடங்கு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை காலி. வெட்டவெளியில் என் ஸ்டூல் மட்டும் தனியாக நின்றது.

"கோட்டை கப்பல் ஏறிடுச்சு அக்கா" என்றாள் தங்கச்சி.

நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். புதிய ஆள் நீட்டிய சாயாவை வாங்கிக்கொண்டு, சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொன்னேன்.